லாரிக்குத் திருப்பள்ளியெழுச்சி

மார்கழி மாதத்தில் நம் ஊரில் பகவானைத் துயிலெழுப்புவதற்குப் பாட்டு உண்டு; மேளம் உண்டு; சுடச்சுட வெண்பொங்கலும் உண்டு. காஷ்மீரத்துக்கு அப்பால், லடாக் பிரதேசத்தில், அதே மாதத்தில், அதே விடியற்காலை வேளையில் வேறொரு திருப்பள்ளியெழுச்சி நடைபெறுகிறது. அங்கே எழுந்தருள வேண்டியவர், பத்து டன் அரிசி மூட்டைகளைச் சுமந்துகொண்டு நிற்கும் டீஸல் லாரி. எழுப்புகிறவர்களிடம் பாட்டும் இல்லை, பொங்கலும் இல்லை. ஒரு தீச்சட்டியும் அளவற்ற பொறுமையுமே உண்டு.

ஸ்ரீநகரிலிருந்து லே நகரம் 434 கிலோ மீட்டர். வழியில் ஸோனமார்க்கைத் தாண்டியதும் ஸோஜி லா கணவாய் குறுக்கிடுகிறது. அதன் உயரம் 11,500 அடிக்குச் சற்று மேல். முன்னெல்லாம் குளிர்காலம் வந்தால் இந்தக் கணவாய் ஐந்தாறு மாதங்கள் அடைபட்டுக் கிடக்கும். எல்லைச் சாலைகள் நிறுவனத்தார் பனியோடு போராடி அந்தக் காலத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். 2025-ஆம் வருஷத்தில் 32 நாட்களிலேயே பாதையைத் திறந்துவிட்டார்கள். ஆயினும், கணவாய் எந்த நாளில் மூடிக்கொள்ளும் என்பது மேகங்களுக்கே வெளிச்சம். ஆகவே, மார்கழி பிறப்பதற்குள் கடைசிச் சரக்கை அக்கரை சேர்த்துவிட வேண்டுமென்று லாரிகள் வரிசை வரிசையாகப் போகின்றன. நாம் சென்றதும் அப்படிப்பட்ட சமயத்தில்தான்.

கணவாயைக் கடந்து இறங்கினால் திராஸ் என்னும் சிற்றூர் வருகிறது. 10,800 அடி உயரத்தில் மலைகளுக்கு நடுவே அமைந்த பள்ளத்தாக்கு. நடுக்குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை குளிர் இறங்குவது இங்கே சர்வ சாதாரணம். நாம் போன லாரியின் டிரைவர் ஒரு பஞ்சாபி ஸர்தார்ஜி. முப்பது வருஷங்களாக இந்தப் பாதையில் ஓட்டியவர். கிளீனர் பையன் அவரை "உஸ்தாத்" என்றுதான் கூப்பிடுவான். குரு என்று அர்த்தம். அது வெறும் உபசார வார்த்தை அல்ல என்பதை அன்றிரவே கண்டோம்.

வண்டியை நிறுத்துவதிலேயே உஸ்தாதின் வித்தை ஆரம்பமாகிவிட்டது. சரிவைப் பார்த்து, முகம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தினார். சக்கரங்களுக்கு அடியில் பலகை போடச் செய்தார். இல்லாவிட்டால் டயர் பனியோடு ஒட்டிக்கொள்ளுமாம். கைப் பிரேக்கைப் போடவில்லை. ஈரம் உறைந்தால் பிரேக் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும் என்று, சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்து, கியரில் போட்டு நிறுத்தினார். பிரேக்குக்கான காற்றுத் தொட்டியில் சேர்ந்திருந்த தண்ணீரை வடித்தார். கடைசியாகப் பாட்டரிகளைக் கழற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, நாம் தங்கிய சத்திரத்துக்குள் புகாரி அடுப்பின் அருகே கொண்டுவந்து வைத்தார்.

"பாபுஜி, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி என்றால் பாட்டரியின் பலம் பாதிதான். ஆனால் அந்த நேரத்தில்தான் எஞ்சின் அதனிடம் இரட்டிப்பு வேலை கேட்கும்" என்றார்.

"இத்தனை சிரமம் எதற்கு? இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டால் போகிறது!" என்றோம்.

ஸர்தார்ஜி சற்று நேரம் பேசவில்லை. "ஓடவிடுவதுண்டு. ஒருவன் விழித்திருந்தால் ஓடவிடலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே படுத்துத் தூங்கினவர்களில் மறுநாள் எழுந்திராதவர்களும் உண்டு" என்றார். புகைக் குழாயைப் பனி மூடிவிட்டால் புகை உள்ளே திரும்புகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் பையனை வண்டியில் படுக்க விடாமல் சத்திரத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

நிற்க. டீஸல் எஞ்சினுக்கு மட்டும் குளிரிடம் ஏன் இவ்வளவு பயம்? பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கிறது. 1890-களில் ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் அமைத்த எஞ்சினில் அந்தப் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடாகும். அதே காற்றைப் பதினாறு, பதினெட்டு பங்கு அமுக்கினால், அதில் தெளிக்கப்படும் டீஸல் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு உஷ்ணம் ஏறிவிடும். தீக்குச்சி இல்லாமலே அடுப்பு மூட்டும் வித்தை இது.

ஆனால் திராஸில் அந்த வித்தை பலிப்பது கடினம். உள்ளே இழுக்கும் காற்றே உறைபனிக் காற்று. கடற்கரையில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அந்த உயரத்தில் உண்டு. அமுக்குவதால் பிறக்கும் கொஞ்ச உஷ்ணத்தையும் சில்லிட்ட இரும்பு உறிஞ்சிவிடுகிறது. எஞ்சின் எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இறுகிச் சுழற்சியைத் தடுக்கிறது. இவை போதாவென்று டீஸலே கட்டிப்படுகிறது! மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழுவதில்லை அல்லவா? டீஸலில் கலந்திருக்கும் மெழுகும் அவ்வாறே சிறு சிறு துகள்களாக உறைந்து வடிகட்டியை அடைத்துவிடுகிறது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

காலை நாலு மணிக்கு உஸ்தாத் எழுந்துவிட்டார். வெளியே வானத்தில் நட்சத்திரங்கள் பளபளவென்று மின்னின. பத்துப் பன்னிரண்டு லாரிகளின் அடியில் சிவப்பாகக் கனல் தெரிந்தது. கார்த்திகை தீபத்தைத் தரையோடு தரையாக வைத்ததுபோல் இருந்தது அந்தக் காட்சி. அருகே போனால் ஒவ்வொரு கனலுக்குப் பக்கத்திலும் ஒரு மனிதர் குந்தியிருக்கிறார். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கரிச்சட்டியை வைத்துச் சூடுகாட்டுகிறார்கள். கொழுந்துவிட்டு எரியும் தீயை வைப்பதில்லை, கனல்தான். எண்ணெய் கசியும் இடத்தில் ஒரு பொறி தாவினால் லாரியும் போச்சு, சரக்கும் போச்சு. ஆகையால் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. கையுறையில்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். இந்த லட்சணத்தில் நமது கிளீனர் பையன் மல்லாந்து படுத்து, வெந்நீரில் நனைத்த துணியை டீஸல் குழாயின்மீது சுற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்த லாரி பழைய காலத்து வண்டி. இரவில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றினார்கள். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. முதலில் வெதுவெதுப்பாக, பிறகு சூடாக, அதற்கப்புறந்தான் கொதிநீர். அவசரப்பட்டால் இரும்பு வெடித்துவிடும்.

முக்கால் மணி நேரம் சென்றது. பாட்டரிகளை மாட்டி, உஸ்தாத் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது, நின்றது. ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடியும் திருப்பினார். புகைக் குழாயில் வெள்ளைப் புகை வந்தது. எரியாத டீஸலின் ஆவி அது. "வெள்ளைப் புகை நல்ல சகுனம். எண்ணெய் உள்ளே போகிறது" என்றார். மூன்றாவது தடவை ஒரு வெடிப்பு, பிறகு இரண்டு, அப்புறம் ஆறு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருதி சேர்ந்தன. நாகஸ்வரம் தோற்றது போங்கள்! பையன் ஓடிவந்து உப்புத் தேநீர்க் கோப்பையை உஸ்தாதிடம் நீட்டினான். அவர் அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவனிடமே கொடுத்தார்.

இந்தப் பாதையில் யந்திரங்கள் குளிரை வென்ற கதை பழையது. 1948-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ஆம் தேதி, பனி பொழியும் வேளையில், ஜெனரல் திம்மய்யாவின் படை ஸோஜி லாவில் டாங்கிகளை ஏற்றிக் கணவாயைக் கைப்பற்றியது. அந்த உயரத்தில் டாங்கி வருமென்று எதிரிகள் கனவிலும் எண்ணியிருக்கவில்லை. கோவேறு கழுதை நடந்த தடத்தை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் ஸாப்பர்கள் என்னும் நம் தென்னாட்டுப் பொறியியல் படையினர். இதைப் படிக்கும்போது தமிழர்கள் சற்றே நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதில் தவறில்லை.

விஞ்ஞானமும் சும்மா இருக்கவில்லை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்றே குளிர்கால டீஸலை வெளியிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை அது ஓடும் தன்மையை இழப்பதில்லை. முன்பு டீஸலோடு மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டுவார்கள். அதில் வழவழப்புக் குறைவாதலால் பம்பு தேய்ந்துபோகும். அந்தத் தொல்லை இப்போது குறைந்திருக்கிறது. புது வண்டிகளில் எஞ்சினைச் சூடாக்கும் மின்கருவிகளும் உண்டு. ஆனால், சமவெளியில் நிரப்பிய சாதாரண டீஸலோடு மலை ஏறும் வண்டிக்கும், வயதான எஞ்சினுக்கும் இன்றும் கரிச்சட்டிதான் கதி.

லே நகரத்துக் கடைவீதியில், கணவாய் மூடியபின் விற்கும் அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் இப்படி ஒவ்வொரு விடியலிலும் சூடுகாட்டி எழுப்பப்பட்ட லாரிகளில் வந்தவை. ஒரு லாரி ஒரு நாள் எழ மறுத்தால், அதன் பின்னால் குறுகிய பாதையில் நிற்கும் ஐம்பது லாரிகள் நகர முடியாது. அந்த ஒரு நாளில் பனி பொழிந்துவிட்டால் அந்த ஐம்பது வண்டிச் சரக்கும் கணவாய்க்கு இப்பாலேயே தங்கிவிடும். காற்றை அமுக்கிச் சூட்டை உண்டாக்கும் சாமர்த்தியம் டீஸல் எஞ்சினுக்கு உண்டு. திராஸில் அந்த முதல் சூட்டை அதற்குக் கடனாகக் கொடுப்பவன், பனியில் மல்லாந்து படுத்திருக்கும் பதினெட்டு வயதுப் பையன்.