மேடும் பள்ளமும்

திருவருகைக் காலம் பொறந்துட்டா எங்கம்மாவுக்குக் கை ஓயாது. சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சாணி, மூங்கில் சிம்பில் தாள் ஒட்டி நட்சத்திரம். ராத்திரி, கூலிக்குப் போய் வந்த உடம்பு செபமாலையோடு முட்டி போட்டபடியே தூங்கி விழும். அதைவிடப் பெரிய செபத்தை நான் பார்த்ததில்லை.

ஞாயிறு பூசையில் ஊதா அங்கியோடு சாமியார் திருமுழுக்கு யோவானைப் பற்றிப் பிரசங்கம் வைப்பார்: ஆண்டவர் வர மேடு தாழணும், பள்ளம் நிரம்பணும். மேடென்பது மனசிலிருக்கும் ஆணவமாம். அப்படியானால் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பிணத்தையும் அவர்கள் பிணத்தையும் பிரிக்கிற சுவர்? 2016 டிசம்பரில், இதே திருவருகைக் காலத்தில்தான், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. சாதிப் பாகுபாடு பாவம் என்று எழுத்தில் வந்துவிட்டது. எங்க ஊர்ச் சுவரில் ஒரு செங்கல் பெயரவில்லை. போய்க் கேட்டோம். முதலில் உள்ளத்தைத் தயார் பண்ணுங்க என்றார் சாமியார். யாரு உள்ளத்தைச் சாமின்னு கேட்டது எங்கம்மாதான்.