இணுவில் ஒழுங்கையில் ஒரு பழைய குரல்

சென்ற விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌதிகவியல் பயிலும் மாணவர் நால்வரை உடன்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து நமது பிறந்த ஊராகிய இணுவிலுக்குத் துவிச்சக்கரவண்டிகளிற் புறப்பட்டோம். காங்கேசன்துறை வீதியில் தட்டாதெரு, கொக்குவில், தாவடி ஆகியவற்றைக் கடக்கக் கடக்க நகரின் இரைச்சல் தேய்ந்தது. செம்மண் தோட்டங்களின் பசுமை கண்ணுக்குக் குளிர்ச்சி தந்தது. நாம் காணச் சென்றது கோயிலோ குளமோ அன்று. ஓர் ஒழுங்கை முடக்கில் வாழும் வானொலி திருத்துநர் ஒருவரின் இல்லம்.

எழுபதைத் தாண்டிய அப்பெரியவர், "வாங்கோ தம்பி, பிள்ளையளையும் இருக்கச் சொல்லுங்கோ" என்று வாங்கைத் துடைத்துவிட்டார். சுற்றிலும் பழைய வானொலிகளின் கூடுகள், செப்புக்கம்பிச் சுருள்கள், பேணிகளில் இனம்பிரித்து வைத்த ஆணிகள். உடைந்ததென்று எதையும் எறியாத வீடு அது.

இளைய வாசகர்களுக்காக இங்கே சிறிது பழங்கதை கூறவேண்டும். 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தலிற் சிறு திரியிட்டு, மண்ணெண்ணெயைச் சிக்கனம் செய்து நாம் பாடம் படித்த காலம் அது. ஆயினும் செய்தி அறியாமல் இருக்க எவரால் முடியும்? அப்போது கைகொடுத்தது துவிச்சக்கரவண்டியின் டைனமோ.

டைனமோவினுள்ளே காந்தம் சுழலக் கம்பிச் சுருளில் ஆடலோட்டம் பிறக்கும். 6 வோல்ற்று, 3 வாற்று அளவினதாகிய அது விளக்கை எரிக்கும். வானொலிக்கோ நேரோட்டம் வேண்டும். நான்கு இருவாயிகளை முறைப்படி இணைத்தால் மின்னோட்டம் ஒரே திசைப்படும். ஒரு கொள்ளளவி அதன் ஏற்றவிறக்கத்தைத் தணிக்கும். ஆனால் இருவாயிகளுக்கு எங்கே போவது? பெரியவர் தமது ஒலிப்பதிவுக் கருவியைத் திறந்து, அதன் மின்வழங்கும் பகுதியிலிருந்த நான்கையும் கழற்றினார். காலஞ்சென்ற தந்தையார் தேவாரம் பாடிய நாடாவை அவர் கேட்டு வந்தது அக்கருவியில்தான்.

இரவானதும் அயலவர் முற்றத்திற் கூடுவர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சிறுவராகிய நாம் முறைவைத்து மிதியைக் கையாற் சுழற்றுவோம். ஓரிரவு, கொழும்பில் ஏதோ அனர்த்தம் என்று செய்தி தொடங்கிய வேளையில் நமது கை சோர்ந்தது, குரலும் தேய்ந்தது. மகனைக் கொழும்பில் விட்டிருந்த ஆச்சி ஒருவர், "விடாதை ராசா, விடாதை" என்று பதறினார். அந்தக் குரல் இன்றும் நம் செவியை விட்டு அகலவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பெரியவர் வண்டியையும் இருவாயிகள் பொருத்திய சிறு பெட்டியையும் கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்க்கையில் ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை, நாடாவும் இல்லை.

கல்லூரிக் கண்காட்சிக்கு அப்பெட்டியை இரவல் கேட்கவே நாம் சென்றிருந்தோம். அவர் மறுமொழி கூறாமல், பெட்டியை எடுத்து வண்டியோடும் வானொலியோடும் இணைத்தார். மாணவன் ஒருவன் சுழற்றினான், பாட்டு எழுந்தது. சற்றே வேகம் தளர்ந்ததும் பாட்டும் அமிழ்ந்தது. மற்றொருவன் சொல்லாமலே எழுந்து சென்று மிதியைப் பற்றினான்.

"ஐயா, அந்த நாடா போனது கவலையில்லையோ?" என்று கேட்டோம்.

"கவலைதான் தம்பி. ஆனால் அண்டைக்குச் சனத்துக்குச் செய்தி வேணும். அப்புவின்ரை பாட்டு எனக்குப் பாடம்" என்றார். பின்னர் மாணவர் பக்கம் திரும்பி, "இது இஞ்சை கிடக்கட்டும். இந்தக் குவியலுக்கை தேடி நீங்களே ஒண்டு செய்யுங்கோ" என்று பழுதான கருவிகளைக் காட்டினார்.

திரும்பும் வழியில் மாணவரின் பைகளிற் பழைய சுற்றுப்பலகைகள் குலுங்கின. பழுதுற்ற பொருளுக்குள் இன்னும் பயன்படும் உறுப்பு ஒன்று உண்டு என்பதை நூலும் சொல்லும். தமக்கு அருமையானதைக் கழற்றி அயலாருக்கு அளிக்கும் மனத்தை அந்த ஒழுங்கையிலன்றோ கற்க முடிந்தது!