முன்னே பின்னே

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் நண்பர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். கணிதத்தை மார்க்குக்காகப் படித்தவன். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அபிப்பிராயங்கள் அதிகம்!

"அல்ஜீப்ரா, ஜியோமிதி, கால்குலஸ் எல்லாம் கணிதம், ஒப்புக்கொள்கிறேன். இந்த நியூமெரிக்கல் அனாலிஸிஸுக்கு அங்கே என்ன இடம் ஸார்? உத்தேசமாக விடை காண்பது கணக்குப்பிள்ளை வேலைதானே?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் உட்கார்ந்ததும் ஒரு குச்சியை எடுத்தார்.

"2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே பூகம்பம். ஒன்பது மணி வாக்கில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. 4,000 மீட்டர் ஆழக் கடலில் அது வினாடிக்கு எத்தனை மீட்டர் ஓடும்? ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். 39,200-க்கு வர்க்கமூலம் சொல்லும்!"

விழித்தேன்.

"200 என்று ஊகித்துக்கொள்ளும். 39,200-ஐ அதால் வகுத்தால் 196. இரண்டுக்கும் சராசரி 198. மறுபடி 198-ஆல் வகுத்தால் 197.97-ம் சொச்சமும். உண்மை விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாகவேண்டும். 0.03-க்கு மேல் தப்பவே தப்பாது. மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வேகம்!"

மணலை மேடும் பள்ளமுமாகக் கிளறினார்.

"கடலடி இப்படி இருக்கிறது. சமன்பாட்டை எழுதிவிடலாம், சூத்திரம் போட்டுத் தீர்க்க முடியாது. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வினாடி வினாடியாகக் கணக்கை நகர்த்தவேண்டும். கால அடியை அதிகமாக எட்டி வைத்தால், இல்லாத அலையெல்லாம் கணக்கில் மலைபோல் எழும்பும். அதற்கு ஒரு வரம்பை 1928-ல் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் நிரூபித்தார்கள். கணக்குப்பிள்ளை நிரூபிப்பானா?"

அருகில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப முன்னாலேயே சொல்லிடுவாங்களா, ஐயா?"

"ஹைதராபாத்தில் 2007-லிருந்து எச்சரிக்கை மையம் இருக்கிறது. எங்கே பூகம்பம் வந்தால் அலை எப்படி வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்."

"ஒம்பது மணின்னு மட்டும் சொன்னாப் பத்தாதுங்க. எவ்வளவு முன்னே பின்னே ஆகும்னும் சொல்லணும். படகை மேலே இழுத்துப் போடலாமா, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடணுமான்னு அதை வெச்சுத்தானே தெரியும்?"

அந்த வருஷம் அவர் படகு போயிற்றாம். அதை இழுக்கப் போன தம்பியும்.

நண்பர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். அவர் மணலில் எழுதிக் காட்டியதை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உத்தேசமாக யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த உத்தேசம் எவ்வளவு தப்பும் என்று நிரூபித்துச் சொல்வதற்குக் கணிதம் வேண்டும். தன் பிழையைத் தானே அளந்து வைத்துக்கொள்ளும் சாஸ்திரத்தை வாசலில் நிறுத்தி வைக்க நான் யார்?

திரும்பி வருகையில், "பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு. பத்து நிமிஷம் முன்னே பின்னே" என்றார் நண்பர்.