நடுநிலையும் கடந்தகாலமும்

நீதியாசனத்தில் அமர்பவர் தம் கடந்தகாலத்தைக் களைந்துவிட்டே அமர வேண்டுமா? 1975இல் நியூயோர்க் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் இவ்வினா எழுந்தது. பெண்களுக்கு வேலைவாய்ப்பில் பாரபட்சம் காட்டியதாக வழக்கிடப்பெற்ற சட்டநிறுவனமொன்றின் தரப்பினர், நீதிபதி கொன்ஸ்ரன்ஸ் பேக்கர் மொற்லி அவ்வழக்கிலிருந்து விலக வேண்டுமெனக் கோரினர். அவர் கறுப்பினத்தவர், பெண், முன்னர் பாரபட்சத்துக்கெதிராக வாதாடியவர். ஆதலின் பாதிக்கப்பட்டோர் பக்கமே சாய்வார் என்பது அவர்தம் வாதம்.

அக்கடந்தகாலம் எளிதானதன்று. நீவிஸ் தீவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1921இல் நியூ ஹேவன் நகரிற் பிறந்தவர் மொற்லி. தந்தையார் யேல் பல்கலைக்கழக மாணவர் கழகங்களிற் சமையற்காரர். மகளோ 1946இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சட்டப்பட்டம் பெற்றார். தேர்கூட் மார்ஷலின் தலைமையிற் பணியாற்றி, பாடசாலைகளில் நிலவிய இனப்பிரிவினையை எதிர்த்த பிரவுண் வழக்கின் முறைப்பாட்டை வரைந்தார். 1962இல் ஜேம்ஸ் மெரடித் என்னும் கறுப்பின மாணவருக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் கதவுகளைத் திறப்பித்தார். அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் அவர் வாதாடிய வழக்குகள் பத்து, வென்றவை ஒன்பது. யூரிமார் தெரிவில் இனப்பாகுபாடு பற்றிய எஞ்சிய வழக்கிலே தோற்றார். எனினும், அத்தீர்ப்பு விதித்த கடினமான நிரூபணச் சுமையை 1986இல் அதே நீதிமன்றம் கைவிட்டது.

1964இல் நியூயோர்க் மாநிலச் செனற்சபைக்குத் தெரிவான அவர், அச்சபையில் அமர்ந்த முதலாவது கறுப்பினப் பெண்மணியானார். 1966இல் ஜனாதிபதி ஜோன்சன் அவரைச் சமஷ்டி நீதிபதியாக நியமிக்க முன்வந்தபோது, மிசிசிப்பியைச் சேர்ந்த செனற்றர் ஈஸ்ற்லண்ட் எதிர்த்து நின்றார். ஏழு மாதங்களின் பின்னரே நியமனம் உறுதியாயிற்று. சமஷ்டி நீதிபதியான முதற் கறுப்பினப் பெண்மணியும் அவரே.

இத்தகையவர் விலக மறுத்தார். ஒவ்வொரு நீதிபதிக்கும் ஓர் இனமும் ஒரு பாலும் ஒரு பின்னணியும் உண்டு. அவையே விலகுதற்குப் போதிய காரணமாயின், அந்நீதிமன்றத்தில் எவருமே அவ்வழக்கை விசாரித்தல் இயலாது என்பது அவர் அளித்த விளக்கம்.

இவ்விளக்கத்தின் கூர்மை சிந்தித்தற்குரியது. வெள்ளையின ஆண் நீதிபதியிடம் எவரும் கேட்டிராத கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது. பெரும்பான்மையினரின் அனுபவம் நடுநிலையாகவும், ஒடுக்கப்பட்டோரின் அனுபவம் பக்கச்சார்பாகவும் கொள்ளப்பட்ட வழமையை அவ்விடை வெளிக்கொணர்ந்தது. வழக்காடியவரின் அனுபவம் தீர்ப்புக்குத் தடையன்று. சான்றுகளைச் செவிமடுக்க மறுப்பதே தடை.

1982இல் அந்நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியான மொற்லி 2005இல் மறைந்தார். அவர் அளித்த விடை, தம் தகைமையை நிரூபிக்குமாறு வேண்டப்படும் பின்வந்தோர்க்கும் அரணாக நிற்கின்றது.