எண்பத்தேழில் ஒரு பங்கு பொன்னேரி

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எங்கள் மாடி அறை வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கும். வருகிறவர்கள் ஆளுக்கொரு டப்பாவோடு வருவார்கள். இனிப்புக் கடை அட்டைப்பெட்டி, ஷூ டப்பா, எவர்சில்வர் தூக்கு, எதுவாகவும் இருக்கலாம். உட்கார்ந்ததும், "இந்த மாசம் எது முடிஞ்சுது?" என்பதுதான் முதல் பேச்சு. டப்பாக்கள் திறக்கும். பஞ்சுக்குள்ளிருந்து ஒரு கைகாட்டி மரம் எழுந்து வரும். செய்தித்தாள் சுருளைப் பிரித்தால் வர்ணம் இன்னும் முழுதாகக் காயாத மின்சார ரயில் பெட்டி ஒன்று இருக்கும். கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்போம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற நேரத்தில் அறையில் பேச்சே இருக்காது.

நாங்கள் ஆறு பேர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் கைகாட்டிகளையும் சிக்னல்களையும் பார்த்துக்கொள்கிறார். ஓவிய வாத்தியார் கட்டடங்களைச் செய்கிறார். கல்லூரியில் படிக்கும் தம்பி கம்ப்யூட்டரில் வரைந்து, முப்பரிமாண அச்சில் பெட்டிகளையும் இன்ஜின்களையும் எடுத்து வருகிறான். எலக்ட்ரீஷியன் நண்பர் பலகைக்கு அடியில் படுத்து ஒயர் இழுக்கிறார். நான் தண்டவாளம் போடுகிறேன். ஆறாவது ஆள் பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற மீனவத் தம்பி. எல்லோரும் சேர்ந்து கட்டிக்கொண்டிருப்பது பொன்னேரி ரயில் நிலையம்.

எங்கள் கணக்கெல்லாம் 87 என்ற எண்ணில் நிற்கிறது. உலகெங்கும் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் ஹெச்.ஓ. அளவில், நிஜத்தில் 87இல் ஒரு பங்குதான் மாதிரி. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பெண் 17 மில்லிமீட்டர் ஆகிவிடுவாள். 15 மீட்டர் பனைமரம் 17 சென்டிமீட்டருக்கு வரும். இதுவரை சிரமமில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கலின் 12 பெட்டிகளைக் கணக்கிட்டபோதுதான் திகைத்தோம். நிஜத்தில் 250 மீட்டருக்கு மேல் நீளும் அந்த வண்டி, மாதிரியிலும் ஏறத்தாழ 3 மீட்டர் கேட்கிறது. கடையில் வாங்கும் பிளைவுட் பலகையோ எட்டடி, அதாவது இரண்டரை மீட்டருக்கும் குறைவு. இரண்டு பலகைகளைச் சேர்த்தாலும் பிளாட்பாரமே பாதிக்கு மேல் தின்றுவிடும்.

எனவே எங்கள் லோக்கலுக்கு ஆறே பெட்டி. அந்த முடிவுக்கு வர நான்கு ஞாயிறுகள் ஆயின. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கேள்வியாக நிற்கும். நடைமேம்பாலம் வேண்டுமா? டீக்கடை? சைக்கிள் நிறுத்துமிடம்? தினமும் பார்க்கிற ஊரில் எதை எடுத்துவிட்டால் அது நம் ஊராக இருக்காது என்பதை வாழ்க்கையில் எங்கேயும் யோசித்ததில்லை. சுருக்க வேண்டிவந்தபோதுதான் யோசித்தோம்.

அடுத்து வந்தது தண்டவாளப் பிரச்சினை. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் பாதையின் அகலம் அது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் முடிவான நம் அகலப்பாதை ஐந்தரை அடி, 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.26 வரும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் மண்டியிட்டு, எதிரே வரும் வண்டியை முகத்துக்கு நேராகப் பாருங்கள். நம் அகலமான பெட்டி அந்தக் குறுகிய பாதையில் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிற ஆள்போலத் தெரியும்.

நம் நாட்டில் பலர் 16.5லேயே நம்மூர் இன்ஜின்களை ஓட்டுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. சக்கரம், பாதை மாற்றும் பாயிண்ட் எல்லாமே அந்த அளவில்தான் விற்கின்றன. ஆனால் கார்டு ஐயா ஒருநாள் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நான் ஓடின லைன் இல்லப்பா" என்றார். அவ்வளவுதான். எல்லாத் தண்டவாளத்தையும் கையாலேயே போடுவது என்று தீர்மானித்தோம். லேத் பட்டறையில் சொல்லிச் சக்கரங்களுக்கு நீளமான அச்சு கடைந்து வாங்கினோம்.

வேலை இப்படி நடக்கும். செம்பு பூசிய சர்க்யூட் போர்டை 32 மில்லிமீட்டர் நீளப் பட்டைகளாக அறுக்க வேண்டும். அவைதான் ஸ்லீப்பர் கட்டைகள். நிஜப் பாதையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1660 கட்டைகள் என்றால், மாதிரியில் ஏழு மில்லிமீட்டருக்கு ஒன்று. ஒரு மீட்டருக்கு 144. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் மெல்லிய அரத்தால் ஒரு கீறு போட்டுச் செம்பைப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டையில் அந்தக் கீறு மறந்துபோனால் இரு தண்டவாளமும் ஷார்ட் ஆகி மொத்தப் பாதையும் செத்துவிடும். பிறகு ஒரு தண்டவாளத்தை ஈயப் பற்று வைத்து நிறுத்தி, 19.26க்குப் பள்ளம் வெட்டிய பித்தளைக் கட்டையை அதன்மேல் கவிழ்த்து, மறு பள்ளத்தில் இரண்டாவது தண்டவாளத்தை உட்காரவைத்துப் பற்று வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் குனிந்திருந்தால் ஒரு சாண் பாதை வரும். ஜல்லிக்கு, கிரஷர் தூளைத் தேநீர் வடிகட்டியில் சலித்துத் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவோம். அந்த சோப்பு இல்லையென்றால் பசை உள்ளே இறங்காது. உருண்டு திரண்டு ஜல்லியைக் கலைத்துவிடும்.

மீனவத் தம்பி எங்கள் அறைக்கு முதன்முதலாக வந்த அன்று நான் அந்தப் பித்தளைக் கட்டையோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க வலைக்கும் இப்படித்தாண்ணா ஒரு அளவுக் குச்சி இருக்கும். கண்ணு ஒண்ணு மாறினாலும் வலை இழுத்துக்கும்" என்றான்.

அன்றைக்கே அவன் எங்களில் ஒருவன் ஆகிவிட்டான். தண்டவாளத்துக்கு மேல் 63 மில்லிமீட்டர் உயரத்தில் போக வேண்டிய மின்கம்பிக்கு எதைக் கட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்தோம். செம்புக் கம்பி முறுக்கிக்கொண்டது, தையல் நூல் தொய்ந்தது. அடுத்த மாதம் அவன் டப்பாவில் வலை நரம்பு வந்தது. கம்பத்துக்குக் கம்பம் இழுத்து, வலை பின்னுகிற அதே முடிச்சைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் போட்டான். இன்றுவரை ஒன்றுகூடத் தளரவில்லை. பழவேற்காட்டில் பனையோலைப் பின்னல் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் சொல்லி, ஊசி முனையளவு கிழித்த நிஜப் பனையோலையால் எங்கள் பனைமரங்களுக்குத் தலை செய்து வாங்கி வந்ததும் அவன்தான்.

வண்டி ஓட்டுவதில் ஒரு வழக்கு இருந்தது. எங்கள் பாதையில் 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியாகவே பாய்கிறது. அதன்மேல் எத்தனை இன்ஜின் நின்றாலும் அத்தனையும் சேர்ந்துதான் நகரும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை இருக்கிறது. எங்களுக்கு அது இன்னும் கட்டுப்படியாகவில்லை. எனவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்டலாம். யார் முதலில்? "பாடு போட்டுக்கலாம்ணா" என்றான் மீனவத் தம்பி. பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பெயர் பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் சுற்றிவரும் ஏற்பாடு அது. இப்போது எங்கள் அறையிலும் சீட்டுக் குலுக்கித்தான் வண்டி கிளம்புகிறது.

மாதிரி ரயில் கட்டுவது உலகம் முழுக்க உள்ள பித்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், பலகைக்கு மேலே காட்சி அமைப்பவர்கள் ஒரு பக்கம், கீழே ஒயரிலும் சுவிட்சிலும் மூழ்கியவர்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். கம்ப்யூட்டர் உலகில் 'ஹேக்கர்' என்ற சொல் புழங்கத் தொடங்கியதே அந்தக் கீழ்ப்பக்கத்துக் கூட்டத்திலிருந்துதான். ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டும் 87இல் ஒரு பங்குதான். நம் நாட்டில் புணேயின் கோத்ரூட் பகுதியில், பாவ் ஜோஷி என்பவரின் வாழ்நாள் ஆசை 1998 ஏப்ரல் 1 அன்று ஓர் அருங்காட்சியகமாகவே திறந்தது. ஒரு தனி மனிதர் வீட்டு ஆசையாகத் தொடங்கியதை ஊரே வரிசையில் நின்று பார்க்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தெம்பு.

எங்கள் பலகையில் பெரிய சண்டை ஒன்றும் நடந்தது. நிலையத்துக்குப் பின்னால் இரண்டடிக்கு இடம் மீந்தது. வாத்தியார் கடைத்தெரு வைக்கலாம் என்றார். மீனவத் தம்பி பழவேற்காடு ஏரியை வைக்கச் சொன்னான். ஏரி எங்கே, ரயிலடி எங்கே! பொன்னேரியிலிருந்து பழவேற்காடு 18 கிலோமீட்டருக்குக் குறையாது. 87ஆல் வகுத்தாலும் 200 மீட்டர் தாண்டும். மூன்று மில்லிமீட்டருக்காக ஒரு வருஷம் குனிந்திருந்தவன் நான். 200 மீட்டர் பொய்யை எப்படி ஒப்புக்கொள்வேன்?

"ஏரி மீனு இந்த ரயில்லதானேண்ணா போவுது? அப்ப ஏரியும் ரயிலடியைச் சேர்ந்ததுதானே?" என்றான்.

அவன் சொன்னதை நினைத்து அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன். டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டத் தொடங்கிய துறைமுகம் பழவேற்காடு. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிப் பின்னர் பழவேற்காடு வரை நீண்ட கால்வாய்க்கு 1878இல் பக்கிங்ஹாம் என்று பெயர் வைத்தார்கள். படகே வழியாக இருந்த காலம் அது. 1899இல் விஜயவாடாவோடு சென்னையை இணைத்த ரயில் பாதை பொன்னேரி வழியாகப் போயிற்று. ஏரிக்கரை ஒதுங்கியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து மடவையும் இறாலும் நண்டும் கூடையேறிப் பொன்னேரிக்கு வந்துதான் வண்டி பிடிக்கின்றன. தண்டவாளம் ஏரிக்குப் போகவில்லை, ஏரி தினமும் தண்டவாளத்துக்கு வருகிறது. இதை விட்டுவிட்டுப் பொன்னேரி கட்டினால் அது வெறும் ஸ்டேஷன் கட்டடம். 19.26 எவ்வளவு நிஜமோ, இந்த உறவும் அவ்வளவு நிஜம். மறுநாள் காலை அவனுக்கு போன் செய்து, "ஏரி வச்சிடலாம்" என்றேன்.

நான் நீலச் சாயம் வாங்கி வைத்திருந்தேன். "தண்ணிக்குக் கலரு கிடையாதுண்ணா. அடிச் சேத்துக்குத்தான் கலரு" என்று அதை ஓரமாக வைத்துவிட்டான். சேற்றின் சாம்பலும் பச்சையும் பழுப்பும் பூசிக் காயவிட்டான். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்போல; மாதிரியில் 11 மில்லிமீட்டர். அவ்வளவு ரெசினையும் நான் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். ரெசின் இறுகும்போது சூடாகும், கனமாக ஊற்றினால் சூடு இன்னும் ஏறும். இரவோடிரவாக அடியிலிருந்த தெர்மாகோல் உருகிக் குழிந்து, ஏரி முழுக்கக் கொப்புளம். அவன் ஒரு மாதம் பூசிய சேறு என் அவசரத்தில் பாழானது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உளி எடுத்துக் கொத்தத் தொடங்கினான். மறுபடி பூசி, மூன்று மூன்று மில்லிமீட்டராக நான்கு நாள் ஊற்றினோம். இப்போது விளக்கு போட்டால் தரை தெரிகிறது.

போன மாதம் அவன் அம்மா வந்திருந்தார். பல வருஷமாக விடிகாலையில் மீன் கூடையோடு பொன்னேரியில் வண்டி ஏறுகிறவர். பிளாட்பாரத்தில் தலையில் கூடையோடு நான்கு பெண்களை நிறுத்தியிருந்தோம். எங்களுக்கு அதில் பெருமை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஏரியைப் பார்த்தார், பனையைப் பார்த்தார், பிளாட்பாரத்தில் வந்து நின்றுவிட்டார்.

"ஏம்பா, வண்டி வர்ற வரைக்கும் யாரு கூடைய தலையில வச்சிக்கினு நிப்பா? எறக்கி வச்சிட்டு அதும் பக்கத்துலயே குந்திக்குவோம்."

எத்தனை காலை அந்தப் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறோம், எத்தனை போட்டோ எடுத்திருக்கிறோம்! ஆறு பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கார்டு ஐயா கையைக் கூப்பி, "ஆமாம்மா" என்றார்.

இந்த ஞாயிறு மீனவத் தம்பியின் தூக்கைத் திறந்தபோது பஞ்சின்மேல் நான்கு பெண்கள் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் ஆளுக்கொரு கூடை.

"இந்த மாசம் இதுதாண்ணா முடிஞ்சுது" என்றான்.