அந்தக் காட்டுக்கு மண் எங்கிருந்து வந்தது?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஒரு படம் உலகமெங்கும் சுற்றியது. தாயைப் பிரிந்த நீர்யானைக் குட்டி ஒன்று, நூறு வயதைத் தாண்டிய ஆமையை ஒட்டிப் படுத்திருக்கும். நாகப்பட்டினத்தைச் சூறையாடிய அதே அலை கென்யக் கரையையும் தொட்டிருந்தது. எல்லோரும் அந்த இரண்டின் நட்பைப் பேசினார்கள். என்னை இழுத்தது அவை வாழ்ந்த இடம். மொம்பாசாவை ஒட்டிய பம்புரியில், சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரிதான் இன்று ஹாலர் பார்க் என்ற காடாக நிற்கிறது. வெட்டித் தீர்த்த பாறையில் காடு நிற்க மண் ஏது? லாரி லாரியாகக் கொட்டியிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அங்கே 1954 முதல் வெட்டியது பழைய பவளப்பாறை. மிஞ்சியது கண் கூசும் வெள்ளைத் தரை. சற்றுக் கீழே உப்புத் தண்ணீர். 1971இல் ஆலையில் பணிபுரிந்த ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்து வேளாண் வல்லுநர், 26 வகை மரங்களை அதில் நட்டுப் பார்த்தார். பிழைத்தவை மூன்றுதான்: தென்னை, கோனோகார்ப்பஸ், நம் கடற்கரைகளில் நாம் நடும் அதே சவுக்கு.

சவுக்கின் வேர்முடிச்சில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தரும். வெறும் பாறையில் அது இராது. அதனால் வளர்ந்த சவுக்குகளின் அடிமண்ணில் கொஞ்சம் எடுத்துவந்து கன்றுகளுக்கு இட்டார்கள். மரம் வளர்ந்தது; மண் உண்டாகவில்லை. சவுக்குத் தோப்பில் நடந்தவர்களுக்கு அந்தச் சருகைத் தெரியும். டானின் மிகுந்தது, எளிதில் மட்காது. மெத்தை மெத்தையாகக் குவிந்து கிடந்தது.

அதை மண்ணாக்கியது மரவட்டை. கால்கள் சிவந்த ஒரு மரவட்டை அந்தச் சருகைத் தின்பதை ஹாலர் கண்டார். அந்த வகையை நூற்றுக்கணக்கில் பிடித்துவந்து குவாரியில் விட்டார். அவை தின்றன, கழித்தன, பெருகின. எச்சத்தை பாக்டீரியாக்கள் மேலும் சிதைத்தன. காட்டின் முதல் மண் அப்படித்தான் பிறந்தது! அதில்தான் பிறகு அந்த ஊருக்கே உரிய மரங்களை நட்டார்கள், பறவைகள் வந்தன. 1984இல் பொதுமக்களுக்காகத் திறந்தார்கள். மூன்று ஆண்டுகளில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருது ஹாலருக்குக் கிடைத்தது.

நாமோ நட்ட கன்றுகளை எண்ணிக் கணக்குக் காட்டுவதோடு நின்றுவிடுகிறோம். சருகை யார் தின்பார் என்று கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. அரியலூரிலும் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அதுவும் பழைய கடலடிதான், புதைபடிவச் சிப்பிகள் இன்னும் கிடைக்கின்றன. கென்ய மரவட்டையை அங்கே இறக்கச் சொல்லவில்லை, அயல் உயிரைக் கொண்டுவந்தால் வேறு வினை வரும். மழை விட்டதும் நம் வாசலில் ஊர்கின்றனவே, அந்த மரவட்டைகளில் எது எந்தச் சருகைத் தின்கிறது, சுண்ணாம்புத் தரையில் எது பிழைக்கிறது என்று உள்ளூர்க் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் பார்த்துச் சொல்லலாம். குவாரிப் பள்ளத்தில் நடவேண்டிய கன்றுகளின் பட்டியலை எழுதும்போதே அந்த விவரமும் கையில் இருக்க வேண்டும்.