கோயிலுக்குள் பறை

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் சேரிக் கோயிலில் ஆர்மோனியம் உண்டு, தபேலா உண்டு. பறை கிடையாது. "வேதத்துல சேர்ந்த அன்னைக்கே அதை இறக்கி வச்சாச்சு" என்பார் எங்க அய்யா. சாவுக்கு அடி, ஊர் சாட்ட அடி என்று ஏவினார்கள். கூலி கேட்டால் உதை. அந்த ஏவலை உதறத்தானே வேதத்துக்கு வந்தது? அவர் சொல்வதில் ஞாயம் இருக்கிறது.

ஆனால் பறை போன இடத்தில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிக் கீர்த்தனை வந்து உட்கார்ந்தது. ராகமும் தமிழும் மேல்சாதி மேடையுடையவை. நாத்து நடுற பொம்பளைக்கு அது வாயில் நுழையலை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு, நம்ம 'பரட்டை' அண்ணன், இதை எதிர்த்தார். 2005இல் மறையும்வரை கூலிக்காரர் மெட்டில், அவர்கள் பேச்சில் வழிபாடு கட்டினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதே நற்கருணை என்றார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் நாட்டுப்புற மெட்டைச் செங்கொடி மேடையில் ஏற்றியவர். மேடை ஏறிய மெட்டுக்குக் கோயிலில் மட்டும் என்ன தீட்டு?

அடுத்தவன் ஏவி அடிக்கிற பறை வேறு. நாமே காய்ச்சி, நம்ம சாமிக்கு அடிக்கிற பறை வேறு. அய்யா ஏவலை விட்டார், சரி. கருவி நம்மளது.